‘நீ இல்லாமல் லைன் ஓடாது’: பதவி உயர்வு இல்லாத கம்பெனியில் இருப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

பினாங்குத் தீவின் பயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் 15 வருஷம் டெக்னீஷியனாக இருந்தேன். கம்பெனி பெயர் இங்கே வேண்டாம். இப்போது பாலத்துக்கு அந்தப் பக்கம், பிறையில் வேறொரு இடத்தில் இருக்கிறேன். விட்டு வந்த நாளிலிருந்து கல்யாண வீட்டிலும் மாமாக் சாப்பாட்டுக் கடையிலும் தண்ணீர்மலைக் கோயில் படியிலும் யாராவது ஒரு தம்பியோ தங்கச்சியோ பக்கத்தில் வந்து உட்கார்ந்து, சுற்றி வளைத்து ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். சட்டம் பற்றிச் சொல்பவை தீபகற்ப மலேசியாவுக்கானவை. நான் வக்கீல் இல்லை, அடிபட்டுத் தெரிந்துகொண்டவன்.

எனக்கு 9 வருஷ சர்வீஸ். உற்பத்தி லைனில் என்னைவிட வேலை தெரிந்தவர் இல்லை என்று மேனேஜரே சொல்கிறார். அப்புறம் ஏன் மேலே எடுப்பதில்லை?

அவர் சொன்னதிலேயே பதில் இருக்கிறது.

எங்கள் லைனில் வயர் பாண்டிங் மெஷின்கள் இருந்தன. தலைமுடியைவிட மெல்லிய கம்பியைச் சிப்பில் வைத்து ஒட்டும் மெஷின். கம்பி பேடில் (சிப்பில் கம்பி ஒட்டும் இடம்) ஒட்டவில்லை என்றால் மெஷின் நின்றுவிடும். சூடு காரணமா, அழுத்தம் காரணமா, கேப்பிலரி (கம்பி வெளிவரும் முனை) தேய்ந்துவிட்டதா, பேடில் அழுக்கா என்று பார்க்க வேண்டும். 14ஆம் நம்பர் மெஷினுக்கு மட்டும் ஒரு தனிப் புத்தி. மேனுவலில் உள்ள அளவை வைத்தால் ஓடாது, கொஞ்சம் குறைத்துத்தான் வைக்க வேண்டும். அது எனக்கு மட்டும் தெரியும். ஓய்வு நாளில் ராத்திரி 2 மணிக்குப் போன் வரும், “அண்ணே, 14 நின்னுருச்சு.” படுத்தபடியே சொல்லிச் சரிசெய்ய வைப்பேன். பெருமையாகத்தான் இருந்தது. மனைவிகூட, “உங்களை விட்டா அங்கே ஆளே இல்லையா?” என்று கேட்டபோது அதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

இன்ஜினியரிங் பிரிவில் ஓர் இடம் காலியானபோது விண்ணப்பித்தேன். மேனேஜர் அறைக்குக் கூப்பிட்டு, தே தாரேக் வாங்கிக் கொடுத்து, “நீ இல்லாமல் லைன் ஓடாது, உன்னை எப்படி விடுறது?” என்றார். கேட்டு மகிழ்ந்து திரும்பி வந்தேன். அந்த இடத்துக்கு வெளியிலிருந்து 26 வயதுப் பையன் வந்தான். அவனுக்கு 14ஆம் மெஷினைச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான்.

மாற்று ஆள் இல்லாதவரை நகர்த்தினால் மேனேஜருக்குத்தான் கஷ்டம், அதனால் நகர்த்த மாட்டார். கெட்ட எண்ணம் என்று சொல்ல மாட்டேன். அவருடைய அவுட்புட் கணக்கு அவருக்கு. எனவே மேலே போக வேண்டுமென்றால் முதலில் உங்களுக்குத் தெரிந்ததை இரண்டு பேருக்குக் கற்றுக்கொடுங்கள். “என் இடத்தை இவர் பார்த்துக்கொள்வார்” என்று ஆளைக் காட்டிவிட்டுப் போய்க் கேளுங்கள். நான் இதைத் தலைகீழாகச் செய்தேன். தெரிந்ததையெல்லாம் தலைக்குள் பூட்டி வைத்தால் வேலை பாதுகாப்பு என்று நினைத்திருந்தேன். வேலை பாதுகாப்பாகத்தான் இருந்தது, 15 வருஷமும் அதே நாற்காலியில்.

குறை என்னிடமா, கம்பெனியிடமா? எப்படிக் கண்டுபிடிப்பது?

யாருக்கு மேல் யார் என்று காட்டும், சுவரில் ஒட்டியிருக்கும் பொறுப்பாளர் வரைபடத்தைப் போய்ப் பாருங்கள். உங்களுக்கு மேலே எத்தனை நாற்காலி இருக்கிறது? அதில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு என்ன வயது? தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயது 2013 ஜூலை 1 முதல் 60. மேலே இருப்பது ஒரே நாற்காலி, அவருக்கு வயது 44 என்றால், அவராக விலகாதவரை 16 வருஷம் அது காலியாகப் போவதில்லை. இதில் யாருடைய திறமைக் குறைவும் இல்லை.

பினாங்குக்கு இதில் ஒரு தனிக் கதை உண்டு. 1972இல் பயான் லெப்பாஸில் தடையற்ற வர்த்தக மண்டலம் திறந்தது. இன்டெல், ஏ.எம்.டி., ஹியூலெட் பேக்கார்ட், பாஷ், ஹிட்டாச்சி என்று முதலில் வந்தவர்கள் வந்ததே பொருளைச் சேர்த்துப் பூட்டவும் சோதிக்கவும்தான். கீழே ஆயிரக்கணக்கான கைகள், நடுவில் கொஞ்சம் சூப்பர்வைசர், மேலே விரல்விட்டு எண்ணும் பதவிகள், முடிவெடுக்கும் தலைமையகம் கடலுக்கு அப்பால். பிறகு வடிவமைப்பு, ஆராய்ச்சி எல்லாம் வந்தது. நம்ம ஆட்களும் பெரிய பொறுப்புக்குப் போனார்கள். ஆனால் இன்றும் சில ஆலைகள் அந்தப் பழைய உருவத்திலேயே நிற்கின்றன. அப்படிப்பட்ட இடத்தில் எவ்வளவு ஓடினாலும் செக்குமாடுதான், தூரம் கூடாது.

இன்னொரு சோதனை இருக்கிறது. கடந்த 5 வருஷத்தில் உங்கள் கிரேடிலிருந்து அடுத்த கிரேடுக்குப் போனவர்களின் பெயரைச் சொல்லிப் பாருங்கள். மூன்று பெயர் வந்தால் பாதை இருக்கிறது. அவர்கள் என்ன செய்தார்கள் என்று போய்க் கேளுங்கள், குறை உங்களிடமும் இருக்கலாம். ஒரு பெயரும் வரவில்லை என்றால் பாதையே இல்லை.

பதவி உயர்வு தரவில்லை என்று தொழிலாளர் இலாகாவில் புகார் செய்யலாமா?

பதவி உயர்வு யாருக்கு என்பது நிர்வாகத்தின் உரிமை என்றே நம் சட்டம் பார்க்கிறது. 1967 தொழில் உறவுச் சட்டம், கூட்டு ஒப்பந்தக் கோரிக்கையில் தொழிற்சங்கம் சேர்க்கக்கூடாதவை என்று ஒதுக்கியிருப்பவற்றில் பதவி உயர்வும் ஒன்று. யூனியன் பொதுப்படையாகப் பேசலாம். உங்களை உயர்த்தச் சொல்லி ஒப்பந்தம் போட முடியாது.

பாகுபாடு என்றால் கதை வேறு. 1955 வேலைச் சட்டத்தில் 69F என்ற பிரிவு 2023 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. வேலையில் பாகுபாடு தொடர்பான தகராறை விசாரித்து முடிவு சொல்லும் அதிகாரம் தொழிலாளர் இலாகாத் தலைமை இயக்குநருக்கு உண்டு. ஆனால் “எனக்குத் தோன்றுகிறது” என்று போய் நிற்காதீர்கள். ஒரே தகுதி, ஒரே சர்வீஸ், ஒரே அப்ரைசல் (வருஷாந்தர வேலை மதிப்பீடு) மதிப்பெண், அவருக்குக் கொடுத்தார்கள் எனக்கு இல்லை என்று காகிதத்தில் காட்ட வேண்டும்.

எக்சிகியூட்டிவ் ஆனால் கைக்கு வரும் சம்பளம் குறையும் என்கிறார்களே, உண்மையா?

பலருக்கு உண்மை. இதை உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்ப்பவர்கள் குறைவு, அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

அடிப்படைச் சம்பளம் 3,600 வெள்ளி (ரிங்கிட்) என்று வைத்துக்கொள்வோம். சட்டப்படி மாதச் சம்பளத்தை 26ஆல் வகுத்தால் ஒரு நாள் கூலி, 138.46. எட்டு மணி நேரம் என்றால் ஒரு மணிக்கு 17.31. ஓ.டி. என்ற கூடுதல் நேர வேலைக்கு ஒன்றரை மடங்கு, 25.96. மாதம் 60 மணி நேரம் ஓ.டி. செய்தால் 1,557 வெள்ளி சேரும். (சட்டம் அனுமதிக்கும் உச்சம் மாதம் 104 மணி.) ஆக மொத்தம் 5,157.

இப்போது உங்களை 4,200 வெள்ளிக்கு எக்சிகியூட்டிவ் ஆக்குகிறார்கள். கை குலுக்கி, கேக் வெட்டி, படம் எடுக்கிறார்கள். மாதம் 4,000 வெள்ளிக்கு மேல் சம்பளம் வாங்குபவருக்கு ஓ.டி. கொடுத்தே ஆக வேண்டும் என்று வேலைச் சட்டம் சொல்வதில்லை. உடலுழைப்பு வேலை செய்பவருக்கும் அவர்களை மேற்பார்வை பார்ப்பவருக்கும் இந்த வரம்பு கிடையாது. மேசையில் உட்காரும் எக்சிகியூட்டிவுக்கு உண்டு. ஆக மாதம் ஏறக்குறைய 950 வெள்ளி இறக்கம், அதே ராத்திரி 9 மணி வரை வேலை.

அதனால் மறுத்துவிடலாமா? அவசரப்பட வேண்டாம். ஓ.டி. பணத்துக்குச் சேமநிதி பிடிப்பதில்லை. அடிப்படைச் சம்பளம் 600 கூடினால், உங்கள் 11 சதவீதமும் முதலாளியின் 13 சதவீதமும் சேர்ந்து மாதம் சுமார் 144 வெள்ளி சேமநிதியில் அதிகம் விழும். போனஸும் பெரும்பாலும் அடிப்படைச் சம்பளத்தை வைத்துத்தான். ஓ.டி. என்றைக்கும் நிலையில்லை, ஆர்டர் குறைந்தால் முதலில் வெட்டுவது அதைத்தான். 2009இல் உலகப் பொருளாதாரம் சரிந்தபோது எங்கள் லைனில் ஓ.டி. நின்றது. ஓ.டி.யை நம்பிக் கார் எடுத்தவர்கள் பட்ட பாட்டைக் கண்ணால் பார்த்தேன்.

நான் சொல்வது இதுதான். பதவி உயர்வுக் கடிதத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன், கடந்த 12 மாதச் சம்பளச் சீட்டை எச்.ஆர். மேசையில் வைத்து, “என் சராசரி இது, புதுச் சம்பளம் இது, இடைவெளியை எப்படிச் சரிசெய்யலாம்?” என்று கேளுங்கள். அலவன்ஸாகக் கொடுப்பார்கள், இல்லை ஆறு மாதத்தில் பார்க்கலாம் என்பார்கள். ஆறு மாதம் என்றால் எழுத்தில் வாங்குங்கள்.

அப்ரைசலில் வருஷா வருஷம் ‘3’ தான் போடுகிறார்கள்.

பல கம்பெனிகளில் ஒரு பிரிவில் இத்தனை பேருக்குத்தான் 5, இத்தனை பேருக்குத்தான் 4 என்று முன்கூட்டியே கணக்கு உண்டு. மீதி எல்லாருக்கும் 3. போன வருஷம் 4 வாங்கியவர் இந்த வருஷம் விட்டுக்கொடுக்க வேண்டும், முறை வைத்துத் தீபாவளிப் பலகாரம் பரிமாறுவது மாதிரி. சூப்பர்வைசர் இதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார். “இன்னும் கொஞ்சம் இனிஷியேட்டிவ் காட்டு” என்பார்.

என்ன செய்யலாம்? ஒரு நோட்டுப் புத்தகம். நான் ரொம்பத் தாமதமாக ஆரம்பித்தேன், கறுப்பு அட்டை போட்டது. மார்ச் 6, எந்த மெஷின், எத்தனை மணி நேரம் நின்றது, என்ன செய்தேன், எவ்வளவு மிச்சமானது, நாலே வரி. டிசம்பரில் அப்ரைசல் நடக்கும்போது மார்ச்சில் செய்தது உங்களுக்கே நினைவிருக்காது, அவருக்கு எப்படி இருக்கும்? நோட்டு வைத்த முதல் வருஷம் எனக்கு 4 விழுந்தது. அடுத்த வருஷம் மறுபடி 3. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

மாண்டரின் தெரியாததால்தான் என்னை ஒதுக்குகிறார்கள் என்று நினைக்கிறேன்.

இருக்கலாம். பினாங்கில் வேலை விளம்பரத்திலேயே மாண்டரின் வேண்டும் என்று போடுவது புதிதில்லை. தைவான், சீனா வாடிக்கையாளர்களோடு பேசும் வேலைக்கு அது நியாயம். ஸ்டோர் பார்க்கும் வேலைக்கும் போட்டால் எனக்கும் எரிச்சல்தான்.

ஆனால் மீட்டிங்கைவிடக் கேண்டீனில்தான் நிறைய முடிவாகிறது. எங்கள் இடத்தில் மலாய்க்காரர் ஒரு மேசை, சீனர் ஒரு மேசை, நாம் ஒரு மேசை, நேப்பாள், வங்காளதேசத் தோழர்கள் ஒரு மேசை. யாரும் போட்ட விதி இல்லை, தானாக அமைந்தது. புது ப்ராஜெக்ட் வருகிறது என்ற செய்தி ஒரு மேசையில் திங்கட்கிழமை தெரிந்தால் நம் மேசைக்கு வெள்ளிக்கிழமை வரும். எனக்கு ஹொக்கியன் என்ற சீன வட்டார மொழி ஓரளவு வரும், ஜெலுத்தோங்கில் வளர்ந்தவன். தட்டை எடுத்துக்கொண்டு போய் அடுத்த மேசையில் உட்கார எனக்கு 10 வருஷம் பிடித்தது. யாரும் விரட்டவில்லை. நகர்ந்து இடம் கொடுத்தார்கள்.

தைப்பூசத்துக்கு லீவு கேட்டால் முகம் சுளிக்கிறார்கள். பொது விடுமுறைதானே?

பினாங்கில் மாநில விடுமுறைதான். ஆனால் வேலைச் சட்டம் தனியார் முதலாளிக்குச் சொல்வது வருஷத்துக்கு 11 நாள். அதில் ஐந்து கட்டாயம்: தேசிய நாள், மாமன்னர் பிறந்தநாள், மாநில ஆட்சித் தலைவர் பிறந்தநாள், தொழிலாளர் தினம், மலேசிய தினம். மீதி ஆறை அரசிதழில் உள்ள விடுமுறைகளிலிருந்து முதலாளி தேர்ந்தெடுக்கலாம். வருஷத் தொடக்கத்தில் ஒட்டும் பட்டியலில் தைப்பூசம் இல்லை என்றால், நீங்கள் கேட்பது வருடாந்தர லீவு. பட்டியலில் இருந்தும் வேலைக்குக் கூப்பிட்டால் அதற்குத் தனிக் கூலி உண்டு. பட்டியலைப் படித்துவிட்டுச் சண்டை போடுங்கள்.

பிரசவம் முடிந்து வந்ததும் ராத்திரி ஷிஃப்ட் முடியாது என்றேன். அன்றிலிருந்து பதவி உயர்வுப் பேச்சே இல்லை.

தங்கச்சி, இது நிறையப் பெண்கள் சொல்வது. 2023 முதல் பிரசவ விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாகிவிட்டது. அதே திருத்தத்தில் நெகிழ்வான வேலை நேரம் கேட்டு எழுத்துமூலம் விண்ணப்பிக்கும் உரிமையும் வந்தது. முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும். மறுத்தால் காரணமும் சொல்ல வேண்டும். வாயால் கேட்டால் வாயாலேயே மறந்துவிடுவார்கள். கடிதம் கொடுங்கள், நகல் வையுங்கள்.

வயது 35, எஸ்.பி.எம். (பள்ளி இறுதித் தேர்வு) மட்டும்தான். இனிமேல் படித்து என்ன ஆகப்போகிறது?

டிகிரிதான் ஒரே வழி என்று நினைக்காதீர்கள். கைத்தொழில் தெரிந்தவருக்கு மலேசியத் திறன் சான்றிதழ், அதாவது எஸ்.கே.எம்., இருக்கிறது. வகுப்புக்கே போகாமல் செய்த வேலையை ஆதாரத்தோடு தொகுத்துக் காட்டிப் பெறும் பி.பி.டி. என்ற வழியும் உண்டு. மேலே சொன்ன நோட்டுப் புத்தகம் இங்கேயும் உதவும். நான்காம் நிலை டிப்ளோமா. பல்கலைக்கழகம் போக நினைத்தால் ஏபெல் என்ற ஏற்பாட்டில் வேலை அனுபவத்தை நுழைவுத் தகுதியாக எடுத்துக்கொள்கிறார்கள்; இளங்கலைக்கு 21 வயதுக்கு மேல் இருந்தால் விண்ணப்பிக்கலாம். பயான் லெப்பாஸிலேயே 1989 முதல் பினாங்குத் திறன் மேம்பாட்டு மையம், நாம் சொல்லும் பி.எஸ்.டி.சி., இருக்கிறது.

செலவா? பத்துப் பேரோ அதற்கு மேலோ மலேசியர்களை வைத்திருக்கும் கம்பெனிகளில் பெரும்பாலானவை சம்பளக் கணக்கில் 1 சதவீதத்தை எச்.ஆர்.டி. கோர்ப் என்ற மனிதவள மேம்பாட்டு நிறுவனத்துக்குக் கட்டுகின்றன. ஊழியர் பயிற்சிக்காகக் கட்டிய பணம் அது. “எங்கள் பிரிவுக்கு இந்த வருஷம் எந்தப் பயிற்சி?” என்று கேட்பதில் கூச்சமே வேண்டாம். பயிற்சிக்கு அனுப்பும்போது இத்தனை வருஷம் இருக்க வேண்டும் என்று பாண்ட் எழுதி வாங்கினால் மட்டும் நிதானமாகப் படியுங்கள்.

போட்டிக் கம்பெனியில் இரண்டு வருஷம் சேரக்கூடாது என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. மாட்டிக்கொண்டேனா?

1950 ஒப்பந்தச் சட்டத்தின் 28ஆம் பிரிவுப்படி, ஒருவர் தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் அந்தத் தடை அளவுக்குச் செல்லாது. வேலையை விட்ட பிறகு வேறு இடத்தில் சேரக்கூடாது என்ற வாசகம் இதில் அடங்கும். ஆனால் பென்டிரைவில் டிராயிங்கை எடுத்துப் போவது வேறு விஷயம். அதைச் செய்யாதீர்கள்.

நோட்டீஸ் எவ்வளவு கொடுக்க வேண்டும்?

ஒப்பந்தத்தில் உள்ளபடி. அதில் இல்லை என்றால் சட்டப்படி 2 வருஷத்துக்குக் குறைந்த சர்வீஸுக்கு 4 வாரம், 2 முதல் 5 வருஷத்துக்கு 6 வாரம், அதற்கு மேல் 8 வாரம்.

வெறுத்துப்போய் விட்டுவிட்டால் சொக்சோ பணம் கிடைக்குமா?

சொக்சோ என்பது சமூகப் பாதுகாப்பு நிறுவனம். நீங்களாக ராஜினாமா செய்தால் அதன் வேலைக் காப்புறுதியில் கிடைக்காது. ஆட்குறைப்பு, வி.எஸ்.எஸ். (கம்பெனி பணம் கொடுத்து விருப்ப விலகல் கேட்பது) போன்றவற்றுக்குத்தான். சம்பளத்தை வெட்டுவது, பதவியைக் குறைப்பது என்று முதலாளியே ஒப்பந்தத்தை மீறி உங்களை வெளியே தள்ளினால் அது வேறு வகை. வேலைநீக்கத்துக்குச் சமம் என்று 60 நாளுக்குள் தொழில் உறவு இலாகாவுக்குப் போகலாம். பதவி உயர்வு தராதது மட்டும் அந்தக் கணக்கில் சேருவது கடினம். கோபத்தில் கடிதம் எழுதும் முன் ஒரு வக்கீலிடமோ யூனியனிடமோ பேசுங்கள்.

வீட்டில் ‘நிரந்தர வேலையை விடாதே’ என்கிறார்கள்.

என் அப்பாவும் அதைத்தான் சொன்னார். கெடாவில் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர். தோட்டத்தை விற்றபோது வேலையோடு வீடும் போனதைப் பார்த்தவர். அவருக்கு ‘நிரந்தரம்’ என்ற சொல்லுக்கு இருக்கும் எடை நமக்கு இல்லை. தோட்டத்தில் பால்மரம் சீவுபவர் மண்டோர் (மேற்பார்வையாளர்) ஆவதே பெரிய விஷயம். கிராணி (தோட்ட அலுவலக எழுத்தர்) ஆவது கனவு. அதனால் எனக்கு மேலே போக இடமில்லை என்பது அவருக்குக் குறையாகவே படவில்லை. “ஏர்கோன்லதானே வேலை செய்யுற?” என்பார்.

அவரிடம் வாதாடவில்லை. சேமநிதிக் கணக்கைப் போனில் திறந்து காட்டினேன், வேலை மாறினாலும் அந்தப் பணம் என் பெயரிலேயே இருக்கிறது என்று. மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு இரண்டு தடவை படித்தார். புது வேலைக் கடிதம் கைக்கு வரும்வரை பழையதை விடமாட்டேன் என்று வாக்கும் கொடுத்தேன். நீங்களும் அதையே செய்யுங்கள்.

நீங்கள் போன பிறகு அந்த லைன் என்ன ஆனது?

இதை எல்லாரும் கடைசியில்தான் கேட்கிறார்கள், சிரித்துக்கொண்டே.

ஓடுகிறது. முதல் வாரம் 14 இரண்டு தடவை நின்றதாம். கிளம்பும் நாளில் கறுப்பு நோட்டை லைனிலிருந்த தம்பியிடம் கொடுத்துவிட்டு வந்தேன். அதைப் பார்த்துச் சமாளித்துவிட்டான். எனக்குப் போன் வரவில்லை. ஓரிரு மாதம் ராத்திரி 2 மணிக்குத் தானாக விழிப்பு வந்துகொண்டிருந்தது.